எடையும் அறமும்

கூரையைத் திறந்து, காற்றும் வெயிலும் மேலே படும்படி ஓட்டிச் செல்லத்தக்க, இருவர் மட்டுமே அமரும் புதிய கார் ஒன்றை வாங்க ஒருவர் விரும்புகிறார் எனக் கொள்ளலாம். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்துத் தத்தம் வழியில் சென்றுவிட்டனர். இளமையில் எட்டாத ஓர் ஆசையை இப்போதாவது நிறைவேற்றிக்கொள்வோம் என்னும் எண்ணத்தோடு அவர் விற்பனைக் கூடங்களில் ஏறி இறங்குகிறார்.

அவர் இளமையில் கண்டு மயங்கிய கார்கள் சிறியவை, எளியவை. தோளுரசும் அளவுக்கு இடம் குறுகியவை. இன்று அவர் முன் நிற்பவையோ அகன்றவை, உயர்ந்தவை, ஆற்றலில் பன்மடங்கு மிக்கவை. இருக்கை சூடாகிறது, கதவு தானாக மூடுகிறது, திரைகள் ஒளிர்கின்றன. ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது, தாம் தேடி வந்த அந்தத் துள்ளல் மட்டும் அவருக்கு அகப்படவில்லை. கேட்டதற்கு மேல் எல்லாம் கிடைத்தும், கேட்டது கிடைக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தால், அது விவரப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரே எண்ணாக அடங்கியிருக்கிறது. அதுவே காரின் எடை.

வசதி உள்ளோரின் பொழுதுபோக்கில் எழும் இச்சிறு குழப்பத்தில் அறத்திற்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயினும் அக்குழப்பத்தின் அடியில் எல்லார்க்கும் உரிய கேள்வி ஒன்று கிடக்கிறது. நல்லவை பல ஒன்றுகூடி ஒரு பொருளின் நோக்கத்தையே கெடுத்துவிட முடியுமா? முடியுமாயின், அக்கேட்டிற்குப் பொறுப்பாளர் யார்?

முதலில் அப்பொருளின் நோக்கத்தைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். ரோட்ஸ்டர் எனப்படும் இவ்வகைக் கார் சுமை ஏற்றுவதற்கன்று. குடும்பத்தை அழைத்துச் செல்வதற்குமன்று. வளைந்து செல்லும் சாலையில் ஓட்டுபவரின் எண்ணத்திற்கேற்ப உடனே திரும்புவதும், சாலையின் தன்மையை அவர் கைகளுக்கு உணர்த்துவதுமே அதன் பணி. அப்பணிக்கு எடைக் குறைவே உயிர்நாடி. எடை இருமடங்கானால், அதே வேகத்தில் செல்லும் காரின் இயக்க ஆற்றலும் இருமடங்காகும். நிறுத்தும்போது பிரேக்குகள் இருமடங்கு ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்தாக வேண்டும். வளைவில் டயர்கள் இருமடங்கு விசையைத் தாங்கியாக வேண்டும். குதிரைத்திறனைக் கூட்டுவதால் நேர்ச்சாலையில் எடையின் குறையை மறைக்கலாம். வளைவிலும் நிறுத்தத்திலும் அது மறைவதில்லை.

மற்றொன்றும் உண்டு. கூரையை நீக்கினால் எடை குறையும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பதோ அதற்கு மாறு. மூடிய காரில் கூரையும் தூண்களும் தளமும் ஒரு பெட்டிபோல் இணைந்து உடலுக்கு உறுதி தருகின்றன. மூடியைக் கிழித்த அட்டைப்பெட்டி கையில் நெளிவதுபோல், கூரையிழந்த காரும் நெளியும். அதைத் தடுக்கத் தளத்தையும் பக்கச் சட்டங்களையும் வலுப்படுத்த வேண்டியுள்ளது. எனவே, மூடிய கார் ஒன்றைத் திறந்த காராக மாற்றும்போது பெரும்பாலும் எடை கூடவே செய்கிறது. எளிமையாகத் தோன்றுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

இனி வரலாற்றைச் சற்றே நோக்கலாம். லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற கோலின் சாப்மன், லோட்டஸ் நிறுவனத்தை எடைக் குறைப்பு என்னும் ஒரே கொள்கையின்மேல் எழுப்பினார். 1962 இல் அவர் வெளியிட்ட எலான், முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டத்தின்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்திய சிறு கார். அதன் எடை 700 கிலோவுக்கும் குறைவு. அதே ஆண்டில் வந்த எம்ஜிபி ஒரு டன்னுக்குக் குறைவாகவே இருந்தது. 1989 இல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்னும் காரை அறிமுகப்படுத்தியது. பழைய பிரிட்டிஷ் கார்களின் எளிமையைப் பழுதில்லாத உழைப்புடன் இணைத்த அக்கார், ஜப்பானில் 940 கிலோ எடையில் விற்பனைக்கு வந்தது.

மலேசியர்க்கு லோட்டஸ் அயலான பெயரன்று. 1996 இல் புரோட்டோன் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. அவ்வாண்டில்தான் எலிஸ் என்னும் காரின் உற்பத்தியும் தொடங்கியது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி அமைத்த சட்டத்தின்மேல் உருவான அதன் எடை ஏறத்தாழ 725 கிலோ. 2017 இல் லோட்டசின் பெரும்பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்திடம் சென்றது. 2021 இல் எலிசின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் அறிமுகமான எமிராவின் எடை 1,400 கிலோவைக் கடந்தது. 2022 இல் வெளியான எலெத்ரே என்னும் மின்சாரக் கார் இரண்டரை டன்னை ஒட்டியது. எடைக் குறைப்பையே வேதமாகக் கொண்ட ஒரு பெயர், கால் நூற்றாண்டில் மும்மடங்குக்கும் மேலான எடையைச் சுமக்கலாயிற்று.

பிற பெயர்களின் கதையும் இதுவே. மெர்சிடிஸ் நிறுவனத்தின் எஸ்எல் வரிசையில் 'எல்' என்னும் எழுத்து, ஜெர்மன் மொழியில் இலேசானது எனப் பொருள்படும் சொல்லைக் குறிக்கும். 2021 இல் வந்த அதன் புதிய தலைமுறையில், எட்டு உருளை எஞ்சின் கொண்டவை 1,900 கிலோ அளவை எட்டின. பெயர் நிலைத்தது, பொருள் கழன்றது. எம்ஜி என்னும் பெயரில் 2023 இல் சீனாவில் வெளிவந்த சைபர்ஸ்டர் என்னும் மின்சார ரோட்ஸ்டரில், நான்கு சக்கரங்களும் உந்தும் வகை ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ளது. பழைய எம்ஜிபி இரண்டைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால்தான் அதற்கு ஈடாகும்.

இவ்வெடை எங்கிருந்து வந்தது? எந்தத் தீயவனும் இரவோடு இரவாக ஏற்றிவிட்டுப் போனதன்று. மோதலைத் தாங்கும் சட்டங்கள் வந்தன. காற்றுப்பைகள் வந்தன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு வந்தது. கார் சறுக்கும்போது நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பு, 2014 முதல் ஐரோப்பாவின் புதிய கார்கள் அனைத்திற்கும் கட்டாயமாயிற்று. அவற்றோடு குளிர்சாதனம், ஒலிபெருக்கிகள், மின்விசையால் நகரும் இருக்கை, அகன்ற சக்கரம் ஆகியனவும் வந்தன. எடை கூடவே பிரேக்குகள் பெரிதாயின. பெரிய பிரேக்குகளை உள்ளடக்கச் சக்கரங்கள் பெரிதாயின. அவற்றைத் தாங்கச் சட்டங்கள் தடித்தன. இவை அனைத்தையும் இழுக்க எஞ்சின் பெரிதாயிற்று. எடை தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் உவமை வருவதை மாணவரும் அறிவர். இரும்பைச் சொல்லாமல் இறகைச் சொன்னதில்தான் அவ்வுவமையின் நுட்பம் உள்ளது. இரும்பை ஏற்றும்போது வண்டிக்காரன் எச்சரிக்கையாக இருப்பான். இறகை ஏற்றும்போது எச்சரிக்கை எழுவதில்லை. "இது ஒன்றுதானே" என்னும் சொல்லை ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சொல்ல முடியும். அச்சு முறிந்தபின் எந்த இறகு முறித்தது என்று எவராலும் காட்ட இயலாது.

பள்ளியில் பணிபுரிவோர் இதை நாள்தோறும் காண்கின்றனர். மலேசியாவில் பள்ளிப்பையின் பளு பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் சிக்கல். கணித ஆசிரியர் ஒரு பயிற்சி ஏட்டைக் கேட்கிறார். மொழியாசிரியர் ஓர் அகராதியைக் கேட்கிறார். அறிவியலாசிரியர் ஒரு செய்முறை நூலைக் கேட்கிறார். எவர் கேட்டதும் தவறன்று. ஆனால், கூட்டுத்தொகையை ஆசிரியர் எவரும் சுமப்பதில்லை; ஒன்பது வயதுக் குழந்தையின் தோள் சுமக்கிறது. பகுதிக்குப் பொறுப்பேற்போர் பலர். முழுமைக்குப் பொறுப்பேற்போர் இலர். காரின் எடையும் இவ்வாறே வளர்ந்தது. சட்டம் இயற்றுவோர் ஒன்றைச் சேர்த்தனர். பொறியாளர் ஒன்றைச் சேர்த்தனர். விற்போர் ஒன்றைச் சேர்த்தனர். வாங்குவோரும் "அதுவும் இருக்கட்டும்" என்றனர்.

ஆனால், இதுவரை கூறியதைக் கொண்டு எடையெல்லாம் தீது, இலேசே நன்று என முடிவுகட்டினால் அது பெரும்பிழையாகும். அப்பிழையின் விலையைக் காட்டவும் லோட்டஸ் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஆஸ்திரிய நாட்டின் பெயரில் போட்டியிட்ட யோகன் ரிண்ட், சாப்மனின் பந்தயக் கார்களை ஓட்டியவர். 1969 இல் ஸ்பெயின் பந்தயத்தில் காரின் இறக்கை முறிந்து விபத்துக்குள்ளானபின், அவர் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்கள் போதிய வேகமுடையவை. சிறிது எடையைக் கூட்டியேனும் வலுவற்ற பாகங்களை வலுப்படுத்தலாமே என்பது அவர் வேண்டுகோளின் சாரம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் பயிற்சி ஓட்டத்தின்போது அவர் உயிரிழந்தார். முன்சக்கரப் பிரேக் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் எனக் கருதப்பட்டது. அவ்வாண்டின் உலகப் பட்டம் மறைந்தவருக்கே வழங்கப்பட்டது. அந்தச் சாவுக்குக் காரணங்கள் பல. சரியாகப் பொருத்தப்படாத சாலையோரத் தடுப்பும் அவற்றுள் ஒன்று. எடைக் குறைப்பு ஒன்றன்மேலேயே பழியைச் சுமத்துதல் நீதியாகாது. எனினும், ஓட்டுபவர் கேட்ட அந்தச் சில கிலோ எடை வீண் எடையன்று. அது அவருக்குக் கொடுக்கப்பட வேண்டிய கடன்.

ஆகவே, எடையை அளக்கத் தராசு மட்டும் போதாது. அது யாருக்காகச் சேர்ந்தது, அதன் விளைவை யார் தாங்குகிறார் என்னும் இரு கேள்விகளும் வேண்டும். இக்கேள்விகளை எழுப்பினால் ஒரே இரும்பு வெவ்வேறு பொருள் கொள்கிறது.

மாஸ்டாவின் நான்காம் தலைமுறைக் காரில், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஓர் அமைப்பு உண்டு. சாலையில் நடப்பவர்மேல் கார் மோதினால், எஞ்சின் மூடியின் பின்பகுதி நொடியில் எழும்பும். எஞ்சினின் கடினமான பாகங்களுக்கும் அவர் தலைக்கும் இடையே இடைவெளி உண்டாகி, அடியின் கடுமை தணியும். 2015 இல் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்துக்கு நான்கு விண்மீன்களே பெற்ற அக்கார், பாதசாரிகளைக் காக்கும் பிரிவில் 93 விழுக்காடு பெற்றது. அவ்வமைப்பின் எடையைச் சுமப்பவர் காரின் உரிமையாளர். பயன் பெறுபவர் முகமறியாத வழிப்போக்கர். இதைக் காட்டிலும் நியாயமான எடை வேறு இருக்க முடியாது. ஓட்டும் இன்பத்தின் பெயரால் இதைக் குறை கூறுவோர், தம் இன்பத்தைப் பிறர் தலைமேல் வைக்கின்றனர்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. காரைப் பெரிதாக்கிக் கனமாக்கினால் தமக்குப் பாதுகாப்பு எனப் பலர் நம்புகின்றனர். கனமான காரும் இலேசான காரும் மோதும்போது, திடீர் வேக மாற்றத்தை மிகுதியாகத் தாங்குவது இலேசான கார்தான். வடிவமைப்பின் திறத்தால் பெறும் பாதுகாப்பு பிறர்க்கும் தீங்கு செய்யாதது. வெறும் கனத்தால் பெறும் பாதுகாப்போ ஆபத்தைக் குறைப்பதில்லை. எதிரே வருபவர் பக்கம் தள்ளிவிடுகிறது. அவரும் அஞ்சி அடுத்த முறை பெரிய காரையே வாங்குவார். இவ்வாறு அச்சம் அச்சத்தை வளர்க்க, சாலையில் சிறியவர்க்கு இடமில்லாமல் போகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே வசதிக்கான எடையும் பெருமைக்கான எடையும் உள்ளன. வெப்ப நாட்டில் குளிர்சாதனத்தை யாரும் குறை கூறார். ஆனால், பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்பதற்காகவே சேர்க்கும் பெருஞ்சக்கரமும், ஆண்டில் ஒருமுறைகூடப் பயன்படாத மிகை ஆற்றலும் யாருக்காக? பெரும்பாலும் அவை அண்டை வீட்டார் கண்ணுக்காகவே சுமக்கப்படுகின்றன.

கொடுக்க வேண்டிய எடையைக் கொடுத்துவிட்டு, நோக்கத்தையும் காப்பாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு அதே ஜப்பானியக் காரே சான்று. 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறையை உருவாக்கிய தக்காவோ கிஜிமாவின் குழுவினர், ஒவ்வொரு கிராமையும் கணக்கிடும் முறையைக் கைக்கொண்டனர். பின்னோக்கும் கண்ணாடியின் அமைப்பை எளிமையாக்கி 84 கிராம் குறைத்ததாகக் கூறப்படும் செய்தி, அவ்வுழைப்பின் தன்மையைக் காட்டும். ஆயினும் அத்தலைமுறையின் எடை 1,100 கிலோவை நெருங்கியது. 2015 இல் நொபுஹிரோ யமமோட்டோ தலைமையில் உருவாகி விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை, முதல் தலைமுறையைவிட நீளத்திலும் சற்றே குறுகியது. ஜப்பானில் விற்ற அதன் எளிய வகை, புதிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டும் 990 கிலோவில் நின்றது. 2024 இல் புதிய மின்னணு அமைப்புகள் சேர்ந்தபோது அது 1,010 கிலோ ஆயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் எழுபது கிலோ மட்டுமே கூட அனுமதித்தவர்கள், அத்தனை காலமும் எத்தனையோ நல்ல பொருள்களுக்கு "வேண்டா" எனச் சொல்லியிருக்க வேண்டும். தீயதை மறுக்கத் துணிவு போதும். நல்லதை மறுக்க நோக்கத்தில் தெளிவும் வேண்டும்.

மின்சாரக் கார்களைப் பற்றியும் ஒரு சொல் கூறாவிடில் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. 2008 இல் டெஸ்லா நிறுவனம் எலிசின் சட்டத்தைப் பெரிதும் மாற்றித் தன் முதல் ரோட்ஸ்டரை உருவாக்கியது. அதன் மின்கலத் தொகுதி மட்டும் ஏறத்தாழ 450 கிலோ. புகையில்லாக் காற்று வருங்காலத் தலைமுறைக்குரிய உரிமை. அதற்காகச் சேரும் எடையை வீண் எனத் தள்ளுதல் தகாது. ஆனால், அங்கும் அளவு பற்றிய கேள்வி எழாமற் போவதில்லை. விடுமுறை நாளில் ஐம்பது கிலோமீட்டர் உலாவுவதற்காக வாங்கும் காரில், ஐந்நூறு கிலோமீட்டருக்கான மின்கலத்தை நாள்தோறும் சுமப்பது தேவையா? என்றோ ஒரு நாள் தேவைப்படலாம் என்னும் அச்சத்தைச் சுமப்பதே பல வேளைகளில் மனிதனின் பெருஞ்சுமையாக அமைகிறது.

மீண்டும் விற்பனைக் கூடத்தில் நிற்கும் அம்மனிதரிடம் வரலாம். அவர் ஒருவர், சந்தையோ பெரிது. அவர் எதை வாங்கினால் என்ன மாறிவிடப்போகிறது என்று தோன்றலாம். இதுவும் இறகு ஏற்றுபவரின் வாதமே. "என் ஒருவனால் என்ன" என்று எண்ணியவர்களின் கூட்டுத்தொகைதான் இன்றைய காரின் எடை. உற்பத்தியாளர்கள் வாங்குவோரின் புலம்பலைக் கேட்பதில்லை. எது விற்றது என்னும் கணக்கையே கேட்கின்றனர். பழைய கார்களின் எளிமையைப் புகழ்ந்துகொண்டே எல்லாக் கூடுதல் வசதிகளுக்கும் பணம் செலுத்துபவர், தாம் வருந்தும் நிலையைத் தாமே விலை கொடுத்து வாங்குகிறார்.

எனவே அவர் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் நலம். இக்கார் எதற்காக? இதில் உள்ள எடையில் எவ்வளவு என் உயிரையும் பிறர் உயிரையும் காக்கிறது? எவ்வளவு என் சோம்பலைக் காக்கிறது? எவ்வளவு என் பெருமையைக் காக்கிறது? முதலாவதை மனமுவந்து ஏற்கலாம். இரண்டாவதை அளவோடு ஏற்கலாம். மூன்றாவதை அவர் துணிந்து இறக்கி வைக்கலாம். இவ்வாறு கணக்கிட்டபின் அவர் சிறிய எஞ்சினும் சிறிய சக்கரமும் உள்ள எளிய வகையைத் தேர்ந்தால், அது சிக்கனத்தாலும் அன்று, பழமைப் பற்றாலும் அன்று. தாம் விரும்பியது எது என்று தெரிந்துகொண்டதால் ஆகும். கணக்கின் முடிவில் கனமான ஒன்றையே தேர்ந்தாலும், ஏன் சுமக்கிறோம் என்பதை அறிந்து சுமப்பவர் ஆவார்.

விற்பவர் வழக்கம்போல், இதில் இன்னும் என்னென்ன சேர்க்கலாம் என்னும் பட்டியலை நீட்டுவார். அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, இதில் எதை எதை விட்டிருக்கிறீர்கள், எவருடைய நலத்தை விடாமல் காத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க வேண்டும். ஒரு காரை மட்டுமன்றி, ஒரு பாடத்திட்டத்தையும், ஒரு வீட்டையும், ஒரு வாழ்க்கையையும் ஆராய்வதற்கு ஏற்ற கேள்வி அது.